பன்னிரண்டு வீட்டு ஜெபம்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. காலையில் வந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார், "ஸ்தோத்திரம்" என்பார். போனை எடுத்தாலும் ஸ்தோத்திரம். ஸ்பானர் காலில் விழுந்தாலும் ஸ்தோத்திரம்தான். அது மட்டும் கொஞ்சம் வேறு ராகத்தில் வரும். அப்படியே அவருக்கு ஸ்தோத்திரம் என்று பெயர் நிலைத்துவிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயரை மனிதர் பட்டம் மாதிரி வாங்கிச் சூடிக்கொண்டார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. லிஃப்டை ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் கேபினின் கூரைமேல் நிற்பார், இன்னொருவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருப்பார். ஒருவர் "மேலே போறேன்" என்று வயர்லெஸ்ஸில் சொன்னால், மற்றவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லிக் காதில் விழும்வரை யாரும் பொத்தானில் கை வைக்கக் கூடாது. தப்பாகக் கேட்டுக்கொண்டவனோடு ஒரே லிஃப்ட் குழிக்குள் நிற்பதைவிட வீட்டில் படுத்துக்கிடக்கலாம் என்பது ஸ்தோத்திரத்தின் கருத்து.

இந்தச் சட்டத்தை அவர் சபைக்கும் கொண்டுபோனார். அவர் போகிற சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று இருந்தது. யாருக்காவது கஷ்டம் என்றால் ஸ்தோத்திரம் முதல் வீட்டுக்குப் போன் செய்வார், அவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்வார்கள், இப்படிப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டாவது வீட்டுக்காரர் அவருக்கே போன் செய்து விஷயத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட விதி. லிஃப்ட் குழியில் ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போகிற செய்தியும், பன்னிரண்டு வாய் வழியாகப் போகிற செய்தியும் ஒன்றல்ல என்பது அந்த மூளைக்கு ஏனோ எட்டவில்லை. போதகர்கூட ஒருமுறை, "எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லணுமா அண்ணே?" என்று கேட்டுப் பார்த்தார். "பாரத்தைப் பகிர்ந்துக்கிறோம் ஐயா" என்று ஸ்தோத்திரம் பதில் சொன்னார்.

அவரோடு ஜோடியாக வேலை செய்கிறவனுக்கு நெட்டை என்று பெயர். ஆறடிக்கு மேல் நாலு விரல் உயரம். எந்தக் கேபினுக்குள் நுழைந்தாலும் தலையைக் குனிந்துதான் நுழைவான். முப்பத்துநாலு வயசு. கோயில், சபை எதற்கும் போகிறவன் இல்லை, போகிறவர்களைக் கேலி செய்கிறவனும் இல்லை. எட்டு வருஷமாக இருவரும் ஒரே கூரைமேல் நின்றவர்கள். கட்டின மனைவிக்கு அடுத்தபடி ஸ்தோத்திரம் நம்பியது அவனைத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் இருவரும் கேபின் கூரைமேல் நின்று லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டை தலையைத் தூக்கி மேலே இருந்த சக்கரத்தைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான். கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா?"

"ஒரு நிமிஷம்ணே. எல்லாம் சுத்துது."

ஸ்தோத்திரம் அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அது முதல் தடவை இல்லை என்று அவன் மெல்லச் சொன்னான். இந்த மாதம் மூன்று தடவை. அண்ணாந்து பார்த்தால் வருகிறது, படுக்கையில் புரண்டாலும் வருகிறது. ஒருநாள் ஸ்டோரில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. அவளுக்கு ஏழு மாசம். தெரிஞ்சா பயந்துடுவா. அடுத்த வாரம் நானே டாக்டரைப் பாத்துடறேன்."

"நான் ஏன்டா சொல்லப்போறேன்" என்றார் ஸ்தோத்திரம். அன்றைக்கு அவனை மோட்டார் அறையில் உட்கார வைத்துவிட்டு மிச்ச வேலையைத் தானே முடித்தார். மறுநாள் அவன் வழக்கம்போலக் கூரைமேல் ஏறியபோது எதுவும் சொல்லவில்லை. அது ஒரு தப்பு. ஆனால் அதற்கு முன்பே, திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதைவிடப் பெரிய தப்பைச் செய்து முடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அவருக்கு நெட்டையின் நினைப்பாகவே இருந்தது. பாவம், அவன் மனைவி சின்னப் பெண், வயிற்றில் குழந்தை. அவர் மனசு இளகியது நிஜம். இளகிய மனசோடு போனை எடுத்து முதல் வீட்டைக் கூப்பிட்டார். பெயரைச் சொல்லவில்லை, பெயர் சொல்லாவிட்டால் சொன்னதாக ஆகாது என்று ஒரு கணக்கு. "என் கூட வேலை செய்ற ஒரு தம்பி, நல்லா உயரமா இருப்பான், லிஃப்ட் மேல ஏறினா தலை சுத்துதாம், வீட்டுல மாசமா இருக்காங்க" என்றார். அந்தக் கம்பெனியில் அப்படி எத்தனை பேர் இருக்க முடியும்? நெட்டையை ஒரு போர்வைக்குள் ஒளித்து வைத்துவிட்டு இரண்டு காலையும் வெளியே விட்ட கதைதான்.

ஏழு மணிக்குப் பன்னிரண்டாவது வீட்டிலிருந்து போன் வந்தது. அது ஓய்வுபெற்ற டைப்பிங் டீச்சர். எதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறவர்.

"சகோதரரே, திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாத்துக்கோங்க. உயரமான தம்பி. தலையில கட்டி. லிஃப்ட் மேலிருந்து மயங்கி விழுந்துட்டார். டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. மனைவி நிறைமாச கர்ப்பிணி, அவங்களுக்கு இன்னும் தெரியாது."

ஸ்தோத்திரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "டீச்சர், கட்டி எல்லாம் இல்ல. விழவும் இல்ல. வெறும் தலைசுத்தல்."

"அப்படியா?" மறுமுனையில் நோட்டுப் பக்கம் புரளும் சத்தம். "நான் கட்டிக்கே ஜெபிச்சு முடிச்சிட்டேனே."

அந்தச் சங்கிலியில் ஆறாவது வீட்டின் மருமகள் லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தில்தான் போன் எடுக்கிறாள். புதன்கிழமை காலை அவள் நெட்டையின் வீட்டுக்கு நல்லெண்ணத்தோடு போன் செய்தாள். "தைரியமா இருங்கக்கா, நாங்க எல்லாரும் ஜெபம் பண்றோம்" என்றாள். எதற்கு என்று அவன் மனைவி கேட்க, ஒன்றுவிடாமல் சொல்லியும்விட்டாள். பத்து மணிக்கு விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. பதினோரு மணிக்கு நெட்டையைக் கூப்பிட்டு, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் குழிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி, பெட்டியில் போல்ட் பிரித்து அடுக்கும் வேலையில் உட்கார வைத்தார். மேனேஜர் செய்தது சரிதான். சுற்றுகிற தலையோடு பதினாலாவது மாடியில் யாரும் நிற்கக் கூடாது. சரியான காரியம் இவ்வளவு அசிங்கமான வழியில் வந்து சேர்ந்ததுதான் கொடுமை.

சாப்பாட்டு நேரத்தில் நெட்டை ஸ்தோத்திரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"வீட்டுல ஒரே அழுகைண்ணே. கட்டி இருக்கு, நான் மறைக்கிறேன்னு நினைக்கிறா. இல்லவே இல்லடின்னா நம்ப மாட்டேங்கிறா. தலைசுத்தலையே சொல்லாதவர் கட்டியைச் சொல்லவா போறீங்கன்னு கேக்கறா. சாப்பிட மாட்டேங்கிறா."

ஸ்தோத்திரம் டப்பாவின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"யார் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும்" என்றான் நெட்டை. "ஸ்டோர்காரர். அவரும் சபை, ஜெபம்னு போறவர்தான். அன்னைக்கு நான் அலமாரியைப் புடிச்சிட்டு நின்னதை அவர்தான் பாத்தார். வேற யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனா நீங்க உங்க வாயால சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சொன்னதுதான்."

அந்தக் கடைசி வார்த்தை ஸ்தோத்திரத்தின் நெஞ்சில் போய்க் குத்தியது. அப்போதே சொல்லியிருக்கலாம். "சாப்பிடுடா, ஆறிப்போகுது" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டோர்காரர் ஐம்பத்தெட்டு வயசு மனிதர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசமாட்டார்; அதிலும் பாதி "கையெழுத்துப் போடு" என்பதாக இருக்கும். வியாழக்கிழமை அவர் சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோது, அங்கே இருந்த நாலு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். கர்ப்பிணிப் பெண்ணை அழ வைத்தவரோடு யார் உட்காருவார்கள்? வெள்ளிக்கிழமையும் அதேதான். அவர் ஏனென்று கேட்கவில்லை. தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்துக்குச் சொந்தக்காரர் மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெபம் செய்து பார்த்தார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் செய்தார், கருவிப் பெட்டியை அடுக்கும்போது செய்தார். நெட்டைக்காக, அவன் மனைவிக்காக, ஸ்டோர்காரருக்காகக்கூட மன்றாடினார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு இடத்தில் வந்து வாய் அடைத்துப்போனது. ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்புகளை மடிக்கிற கை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அந்தத் தம்பிக்கு யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சுதா?"

"ஸ்டோர்காரர்னு நினைச்சிட்டிருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. ஸ்தோத்திரம் தானாகவே ஆரம்பித்தார். "யோசிச்சுப் பாத்தா, இதுலயும் ஒரு நன்மை இருக்கு. அவன் இனிமே டாக்டர்கிட்ட போயே ஆகணும். ஆண்டவர் எதையும் நன்மைக்கு மாத்துவார் இல்ல?"

"மாத்துறது அவர் வேலை. போய்ச் சொல்றது உங்க வேலை. அவர் வேலையைக் காட்டி உங்க வேலையைத் தட்டிக்கழிக்காதீங்க."

"நாளைக்குத் திருவிருந்து. நான்தான் அப்பத்தட்டு ஏந்தணும். இந்த நேரத்துல போய்..."

"போன மாசம் சபையில எழும்பிப் பேசினீங்களே, கடைசி நாள்ல எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்னு. முக்கால் மணி நேரம். எனக்குக் கால் மரத்துப்போச்சு. அது உங்களுக்கும் சேர்த்தா, மத்தவங்களுக்கு மட்டுமா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான்.

"இங்க இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறோம்? இருபது? சரி, முப்பதுன்னே வச்சுக்கோங்க. அந்த முப்பது வருஷத்து நல்ல பேருக்காக ஒரு மனுஷர் தனியா உக்காந்து சாப்பிடணுமா? அந்த ஸ்டோர்காரரும் ஏதோ ஒரு சபைக்குப் போறவர்தானே. பரலோகம் போய் முடிவே இல்லாத காலத்துக்கு அவரோட இருக்கணும். முதல் நாளே மூஞ்சியை எங்க வச்சுப்பீங்க?" நறுக்கியதைச் சட்டியில் தள்ளினாள். "அங்க அத்தனை பேர் முன்னால தெரியப்போறது, இங்க ஒரு வீட்டு வாசல்ல தெரிஞ்சுட்டுப் போகட்டுமே."

ஸ்தோத்திரம் எழுந்து போய் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எந்தக் குழியைப் பார்த்தும் வராத பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, சபைக்குப் போகும் சட்டையோடு நெட்டையின் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. நெட்டைதான் திறந்தான். அவன் பின்னால், நாற்காலியில், வீங்கிய கண்ணோடு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு டம்ளர் பால் ஆடை கட்டிக் கிடந்தது.

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

"இல்லடா. வாசல்லயே சொல்லிடறேன். உள்ள வந்து உக்காந்துட்டா சொல்ல வராது." கையைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்துவிட்டார். "ஸ்டோர்காரர் சொல்லல. நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை சாயங்காலம், உனக்காக ஜெபம் பண்ணச் சொல்லி எங்க சபையில போன் பண்ணினேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உன்கிட்ட சொல்லிட்டுச் சொன்னேன். அப்புறம் நீ அவர்மேல பழியைப் போட்டப்பவும் வாயை மூடிட்டு இருந்தேன். ரெண்டும் தப்பு. என்னை மன்னிச்சிரு."

நெட்டை கதவு நிலையை இறுக்கிப் பிடித்தான். பேசியது அவன் மனைவிதான்.

"அண்ணா, அப்போ கட்டி?"

"கட்டி இல்லம்மா."

"உண்மையைச் சொல்லுங்க. அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"தலை சுத்துதுன்னு சொன்னான். அண்ணாந்து பாத்தா சுத்துது, ஒரு நிமிஷத்துல நின்னுடுதுன்னான். அவ்வளவுதான் சொன்னான், அவ்வளவுதான் நானும் பாத்தேன். அவன் விழல. எந்த டாக்டரும் எதையும் கைவிடல."

"அப்போ கட்டின்னு யார் சொன்னது?"

ஸ்தோத்திரம் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்கதாம்மா. பன்னிரண்டு வீடு சேர்ந்து வளத்த கட்டி."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, எது எதென்று தெரியாமல் குலுங்கினாள். நாலு நாளாகப் புருஷனுக்கு மனசுக்குள் சாவுச் சடங்கே செய்து முடித்திருந்தவள் அவள். ஆடை கட்டிய பாலை எடுத்து, ஆடையைக்கூட ஒதுக்காமல், ஒரே மூச்சில் குடித்தாள். கடவுளே, இதை நாலு நாள் முன்னால் செய்திருக்கலாமே என்று ஸ்தோத்திரம் நினைத்தார்.

நெட்டை சிரிக்கவில்லை. "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நம்பி, அந்த மனுஷரைப் பத்தி எல்லார்கிட்டயும் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? எட்டு வருஷம்ணே. போங்க. இப்போ போயிடுங்க."

கதவைச் சாத்தினான். ஓங்கி அறையவில்லை, ஆனால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

மன்னிப்புக் கிடைக்கவில்லை. ஆனாலும் படி இறங்கும்போது உடம்பு காற்றுப்போல லேசாக இருந்தது, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாரமாகத் தூக்கிச் சுமந்த இரும்பை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி. தெருமுனைக்கு வந்ததும் வாய்விட்டு ஜெபித்தார். இந்தத் தடவை வாய் எங்கும் அடைக்கவில்லை.

சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டது. அப்பத்தட்டு ஏந்தவில்லை, அதை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்தார். அவர் எழுந்தாலே சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது வழக்கம். அவருடைய சாட்சிகள் நீளமானவை, எல்லாவற்றிலும் கடைசியில் அவரே ஜெயிப்பார். இந்த முறை மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டார். யார் பெயரையும் இழுக்கவில்லை. சொல்லாதே என்று ஒருவன் சொன்னதைச் சொன்னேன், வேறொருவர் தலையில் பழி விழ விட்டேன், இதற்கு ஜெபம் என்று பெயர் வைத்தேன் என்றார்.

ஆறாவது வீட்டு அம்மாள் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க ஜெபம்தானே பண்ணினோம்? இதுல என்ன தப்பு?" என்றாள் கோபமாக. டைப்பிங் டீச்சர் பக்கத்தில் நின்று நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "கட்டின்னு என்கிட்ட வந்தப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஆனா எழுதிட்டேன். எழுதினப்புறம் அது உண்மை மாதிரி ஆயிடுது" என்றார். போதகர் மட்டும், "இனிமே யாருக்காக ஜெபிக்கிறோமோ அவங்ககிட்ட முதல்ல கேட்டுக்குவோம்" என்று சொல்லி, ஸ்தோத்திரத்தின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனார். தலைசுற்றல் தெரிந்த பிறகும் அவனைக் கூரைமேல் ஏற விட்டது நான்தான் என்று சொன்னார். இதை யாரும் கேட்கவில்லை, சொல்லாமலே இருந்திருக்கலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்க அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னார். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். அடுத்த மாதம் அவரை மேற்பார்வையாளராகப் போடுவதாக இருந்தார்கள். அது நின்றுபோனது, பதிலாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வலிக்கத்தான் செய்தது. மனைவியிடம் காட்டியபோது அவள் படித்துவிட்டு, "இந்தக் கடுதாசியை அங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று மடித்துக் கொடுத்தாள். விரிப்பு மடித்த பழக்கம், நாலு மூலையும் சரியாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மதியமே தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர்காரரின் மேஜைக்குப் போய் நின்றார். உட்காராமல், எல்லாருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். மேஜைக்கு மேஜை சத்தம் அடங்கியது. நெட்டை ஒரு மூலையில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஸ்டோர்காரர் மென்றுகொண்டிருந்ததை நிதானமாக மென்று முடித்தார்.

"அப்படியா" என்றார். "ரெண்டு நாள் யாரும் ஸ்டோர்ல வந்து கடன் ஸ்பானர் கேக்கல. நிம்மதியா இருந்துச்சு. உக்காருங்க."

அந்த மனிதர் ஒரே நேரத்தில் அத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. நெட்டை எழுந்து வந்தான். ஸ்டோர்காரரின் கையைப் பிடித்து ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான். ஸ்தோத்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் கட்டியது ஒரு போனில் இடிந்தது. அதைத் திரும்பக் கட்டித் தரும்படி கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தெரியும். தன் பங்கைச் செய்தாயிற்று, மீதி தன் கையில் இல்லை என்று விட்டுவிட்டார். விட்டுவிட்டதால் அன்றைக்குச் சோறு ருசித்தது.

பத்து நாள் கழித்து நெட்டை சர்டிபிகேட்டோடு வந்தான். காதுக்குள் மணல் மாதிரி ஏதோ இடம் மாறிக் கிடந்ததாம். டாக்டர் அவன் தலையைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சாய்த்து நாலு தடவை படுக்க வைத்து எழுப்பினாராம், போய்விட்டதாம். ஒரு வாரம் கவனித்துப் பார்த்த பிறகு, இனிக் கூரைமேல் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனி முழுக்க அதைக் கேட்டுச் சிரித்தது.

மேனேஜர் அவனையும் ஸ்தோத்திரத்தையும் ஒன்றாகக் கூப்பிட்டார். "புதுசா ஒரு மெக்கானிக் சேர்ந்திருக்கார். நீ அவரோட ஜோடி போட்டுக்கலாம். நடந்ததுக்கு அப்புறம் இவரோட போன்னு உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார் நெட்டையிடம். ஸ்தோத்திரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன வந்தாலும் சரி என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

"அண்ணனோடயே போறேன் சார்" என்றான் நெட்டை.

"நல்லா யோசிச்சியா? இவர்தானே உன் விஷயத்தை..."

"இவர்தான் சார். அதனாலதான் சொல்றேன். இங்க தப்பு பண்ணாத ஆள் யாரும் இல்ல. பண்ணிட்டு, மாட்டிக்காம இருக்கிறப்பவே வந்து நான்தான்னு சொன்ன ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். ஒரு போல்ட்டை முடுக்க மறந்தாலும் இவர் மறைக்க மாட்டார். கூரை மேல நிக்கிறவனுக்கு வேற என்ன சார் வேணும்?"

மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஸ்தோத்திரம் ஏதோ சொல்ல நினைத்தார். எதற்கும் ஒரு ஸ்தோத்திரம் வைத்திருக்கிற மனிதருக்கு அன்றைக்கு அதுகூட வாயில் வரவில்லை.

அன்று அவர்களுக்கு ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. கருவிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நெட்டை அங்கேயே நின்றான்.

"அண்ணே, ஒரு விஷயம். குழந்தை குறுக்கே கிடக்குதாம். தானா திரும்பிடலாம், திரும்பாமலும் போகலாம்னு சொல்றாங்க. எனக்கு ஜெபம் எல்லாம் பண்ணத் தெரியாது. நீங்க அவர்கிட்ட சொல்லுங்க."

ஸ்தோத்திரத்தின் கை, பல வருஷப் பழக்கத்தில், தானாகச் சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. நெட்டை அந்தக் கையைப் பார்த்தான்.

"அவர்கிட்ட மட்டும்ணே."

கை இறங்கியது. ஸ்தோத்திரம் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நெட்டையும் தலையைக் குனிந்து நின்றான். ஸ்தோத்திரம் வாழ்நாளில் செய்த ஜெபங்களில் அதுதான் மிகவும் சிறியது. நாலு வார்த்தைக்குமேல் இருக்காது. எழுந்தபோது கண் நிறைந்திருந்தது.

"அவ்வளவுதானா? கேட்டுட்டாரா?"

"கேட்டுட்டார்."

"அப்போ சரி, வாங்க" என்று நெட்டை முதலில் கூரைமேல் ஏறி, அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினான்.